நாக்குக்கு முந்தி வெங்காயத்துக்குத் தெரிந்துவிடும்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தண்ணீர் நல்லதா என்று அறிய இன்னமும் குடித்துத்தான் பார்க்கிறோம். வெங்காயச் செய்கைக்கு இது போதாது. நீரில் உப்புக் கூடினால் மின்கடத்துதிறனும் கூடும். இறைக்கும் நீரில் அது சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமென்சைத் தாண்டினாலே வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்கு. அந்தத் தண்ணீரைக் குடித்தால் உப்பே தெரியாது. கடல்நீர் சுமார் 50,000. நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே 500 கூடிவிடும்.

எங்கள் ஒழுங்கையில் பெரிய மோட்டர் பூட்டிய தோட்டம் ஒன்றில் வெங்காயத் தாள் நுனி கருகியது. நோய் என்று மருந்து அடித்தார்கள். இதை அளக்க மகள் அனுப்பிய கைக்கருவியை அந்தக் கிணற்று நீரில் வைத்துப் பார்த்தேன்: 1,800. அந்த அளவில் கால்வாசி விளைச்சல் போய்விடும். மருந்துக்காசும் வீண்.

எங்கள் நன்னீர் சுண்ணாம்புக்கல்லுக்குள், பாரமான உவர்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் என்பது பழைய விதி. அப்படியென்றால் அதிகம் இறைத்து மேலே அரை மீற்றர் இறங்கினால் கீழே உவர் 20 மீற்றர் ஏறப் பார்க்கும். வெடிப்பும் குகையும் உள்ள எங்கள் கல்லில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

கிணற்றின் மேல்நீரில் ஒரு போத்தல் எடுத்துச் சோதித்தால் அடியில் நடப்பது தெரியாது. கருவியின் முனையை வயரில் இறக்கி, இரண்டு மீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி வாசிக்க வேண்டும். எண் சட்டென்று எகிறும் இடத்தில்தான் நன்னீரும் கடல்நீரும் கலக்கின்றன. தோட்டக் கிணறுகள் அவ்வளவு ஆழமில்லை. ஆகவே ஊருக்கு ஒரு ஆழமான கண்காணிப்புக் குழாய்க்கிணறாவது வேண்டும். அதில் யாரும் இறைக்கக் கூடாது. மாரி முடிந்து ஜனவரியில் ஒருமுறை, கோடைக் கடைசியில் செப்ரெம்பரில் ஒருமுறை, ஒவ்வொரு வருடமும் அதே கிணற்றில் அளந்து, கமநல சேவை நிலையப் பலகையில் எழுதிவிட்டால் சரி. எத்தனை மணித்தியாலம் இறைக்கலாம் என்று அதைப் பார்த்துக் கமக்காரர்களே கூடிப் பேசி முடிவெடுப்போம்.

அதிகாரிகள் வருகிற ஜனவரியிலேயே முதல் அளவை எடுத்துவிடட்டும். குழாய்க்கிணறு தோண்ட இடம் தேவையென்றால் என் தோட்டத்து மூலையில் தருகிறேன்.

வெங்காயச் செய்கையாளர்,
புத்தூர்.