பணப் பேரத்தோடு வந்த லிண்ட்னர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் அவருடைய தந்தை தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் குடியிருப்புகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்தது என்ற தகவல் தவறு. அதை நம்பிக்கொண்டு லொரெய்னின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தைப் படித்தால் அதன் நடுப்பகுதியே புரியாமல் போய்விடும்.

முதலில், வழக்கைத் தொடுத்தவர் தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி அல்ல. அவர் எதிர்வாதி. 1937இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில், வெள்ளையர் குடியிருந்த சவுத் ரோட்ஸ் அவென்யூவில் ஒரு வீடு வாங்கினார். கறுப்பருக்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று அங்குள்ள உரிமையாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை இருந்தது. அதைக் காட்டி அவரை வெளியேற்ற அவர்கள் நீதிமன்றம் போனார்கள். இல்லினாய் மாநில நீதிமன்றங்களில் கார்ல் தோற்றார். மேல்முறையீட்டில் 1940 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

எந்தக் காரணத்துக்காக ஜெயித்தார் என்பதுதான் முக்கியம். தெருவைப் பார்த்த முகப்பு நீளத்தில் 95 சதவீதத்துக்கு உரிய உரிமையாளர்கள் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று அந்த உடன்படிக்கையிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. உண்மையில் கையெழுத்தானது சுமார் 54 சதவீதம்தான். ஆனால் அதற்கு முன் வேறொரு வழக்கில் இரு தரப்பும் '95 சதவீதம் சேர்ந்தது' என்று ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தன. அந்தத் தீர்ப்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும், இனி எண்ணிக்கையைக் கிளறக் கூடாது என்றது மாநில நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மட்டும்தான் ஏற்கவில்லை. உடன்படிக்கையை அமல்படுத்த விரும்புகிறவரும் எதிர்க்கிறவரும் ஒரே தரப்பாக முடியாது. ஆகவே தன் சார்பில் யாரும் வாதாடாத பழைய வழக்கு ஹான்ஸ்பெரியைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பு சொன்னது அவ்வளவே. நிறத்தை வைத்துப் போடும் உடன்படிக்கை சரியா தவறா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கை நடைமுறைச் சட்டப் பாடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் வந்தது. அப்போதும் பாதிக் கதவுதான் திறந்தது: இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது, ஆனால் தனியார் தங்களுக்குள் எழுதிக்கொள்வது குற்றமல்ல என்றது தீர்ப்பு. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வர 1968 ஆயிற்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1965 ஜனவரியில், 34 வயதில் லொரெய்ன் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

இப்போது நாடகத்துக்கு வருவோம். 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் பிராட்வே நாடக வட்டாரத்தில் உள்ள எதெல் பேரிமோர் அரங்கில் அது ஏறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேக்கு வந்த முதல் நாடகம். இயக்கியவர் லாய்ட் ரிச்சர்ட்ஸ். நாடகத்தின் கறுப்பினக் குடும்பமான யங்கர் குடும்பம் வாங்கும் வீட்டுக்குப் பக்கத்து வெள்ளையர் சங்கத்தின் சார்பில் கார்ல் லிண்ட்னர் வருகிறார். கையில் நீதிமன்ற உத்தரவு இல்லை. கொடுத்ததற்கு மேலேயே தருகிறோம், வீட்டை எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்கிறார். 1948க்குப் பிறகு அவர்களால் வழக்குப் போட்டு வெளியேற்ற முடியாது. மீதி இருந்தவை பணமும் வெடிகுண்டும்தான். லிண்ட்னர் பணத்தின் தூதர். குண்டு, பக்கத்து வீட்டு மிஸஸ் ஜான்சன் கொண்டுவரும் செய்தித்தாளில் செய்தியாக இருக்கிறது. முதல் மேடையேற்றத்தில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள், பின்னர் வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தது. மேடையேற்ற நினைப்பவர்கள் அந்த முழுப் பதிப்பை எடுத்துக்கொள்வது நல்லது. அது இல்லாவிட்டால் கடைசியில் சாமான்கள் வண்டியேறுவது வெறும் சுபமுடிவாகிவிடுகிறது. லிண்ட்னரை வில்லனாக உறுமவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. அவர் கூச்சத்தோடும் மரியாதையோடும் பேச வேண்டிய ஆள். அந்தப் பணிவுதான் பயமுறுத்துகிறது.

கட்டுரை 'காப்பீட்டுப் பணத்தால் வரும் குடும்பச் சண்டை' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிற கணக்கையும் பார்க்க வேண்டும். இறந்துபோன அப்பாவின் காப்பீட்டுச் செக் 10,000 டாலர். அதில் 3,500ஐ முன்பணமாகக் கட்டி அம்மா வீட்டை முடிக்கிறார். வெள்ளையர் பகுதியில் ஏன் என்று கேட்டால், கறுப்பருக்கென்று தொலைவில் கட்டும் வீடுகளுக்கு இரட்டிப்பு விலை சொல்கிறார்கள் என்கிறார். இதில் கொள்கை எதுவும் இல்லை. விலை விசாரித்த குடும்பப் பெண்ணின் பதில். மீதி 6,500ஐ மகன் வால்டரிடம் கொடுத்து, அதில் 3,000ஐத் தங்கை பெனீதாவின் மருத்துவப் படிப்புக்கு வங்கியில் போடச் சொல்கிறார். வால்டர் மொத்தத்தையும் மதுக்கடைக் கூட்டாளி வில்லியிடம் கொடுக்கிறான். உரிமத்துக்குக் கைக்கூலி கொடுக்க மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போகலாம் என்றிருந்த இன்னொரு கூட்டாளி போபோ, ரயில் நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்துக் கிடந்து திரும்புகிறான். வில்லி வரவே இல்லை.

இந்த இழப்பை ஹான்ஸ்பெரி முதல் காட்சியிலேயே சில்லறைக் காசில் காட்டிவிடுகிறார். பள்ளிக்கு 50 சென்ட் வேண்டும் என்கிறான் வால்டரின் மகன் டிராவிஸ். இல்லை என்கிறாள் தாய் ரூத். வால்டர் கெத்தாக எடுத்துக் கொடுத்து, மேலே இன்னொரு 50 சென்ட்டும் தருகிறான். வேலைக்குப் புறப்பட்டுப் போனவன் கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறான்: வண்டிக் கூலிக்குக் காசில்லை. ரூத்திடமே வாங்கிக்கொண்டு போகிறான். பார்வையாளர்கள் சிரிக்கும் இடம் இது. 6,500 போகும்போது அதே ஆள், அதே கை. இந்த இடத்தை நடிகர்கள் வேகமாக ஓட்டிவிட்டால் பிற்பாதி ஆகாயத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும்.

ஆக, புது வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் சேமிப்பு இல்லை. தவணை பாக்கி இருக்கிறது. சிகாகோவின் அத்தனை சமையலறைகளிலும் நாளுக்கு இருபது மணி நேரம் வேலை செய்தாவது கட்டுவேன் என்கிறாள் கர்ப்பிணியான ரூத். இதை 'நம்பிக்கையூட்டும் முடிவு' என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்கியிருக்கலாம்.

தந்தையின் வெற்றியை ஹான்ஸ்பெரியும் வெற்றியாக நினைக்கவில்லை. 1964 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். சட்ட வழியில் போனதால் தந்தைக்கு ஆன செலவு, பள்ளிக்குப் போகும் வழியில் தங்கள்மேல் விழுந்த எச்சிலும் அடியும், ராத்திரி முழுக்க ஜெர்மன் லூகர் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிக் காவல் நின்ற தாய், கடைசியில் மனம் கசந்து மெக்சிகோவில் இறந்துபோன தந்தை எல்லாம் அதில் உண்டு. நாளிதழ் அந்தக் கடிதத்தை வெளியிடவில்லை. அவர் இறந்த பிறகு, கணவராக இருந்த ராபர்ட் நெமிராஃப் தொகுத்த நூலில்தான் அது அச்சேறியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி