குளிர்காலப் பருவ நிறைவு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

குளிர்காலப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் திருப்தி. அறிவியல் கண்காட்சிக்கு வந்த எல்லோருக்கும் நன்றி. பனிச்சறுக்கு அணியில் எல்லாப் பிரிவுகளிலும் பிள்ளைகள் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். விடுதிக் கொதிகலனும் ஒருவழியாகச் சரியாகிவிட்டது.

கொஞ்ச நாளாகவே சொல்ல நினைத்த ஒன்று இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குப் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேர் ஏதோ ஒரு பந்தயத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், அமெரிக்கப் பனிச்சறுக்குச் சாம்பியனைக் காட்டி, "மிக்கேலா ஷிஃப்ரினையும் பெற்றோர்தானே உருவாக்கினார்கள்?" என்கிறீர்கள். உங்களில் பலர் முன்னாள் வீரர்கள், அந்த ஒப்பீடு வருவது இயல்பு. ஆனால் பார்ப்பதை முழுசாகப் பார்ப்போம்.

ஷிஃப்ரினின் அப்பா ஜெஃப் டார்ட்மத் கல்லூரி அணியில் சறுக்கியவர். அம்மா ஐலீனும் பந்தய வீராங்கனை. பின்னாளில் உலகக் கோப்பையிலும் (ஒவ்வொரு பருவமும் பல ஊர்களில் நடக்கும் பந்தயத் தொடர்) மகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அண்ணன் டெய்லர் டென்வர் பல்கலைக்கழக அணியில் இருந்தார். இப்படிப்பட்ட வீட்டில் வாராவாரம் பந்தயம் என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு. நம் வெர்மான்ட்டிலேயே, பர்க் மலைப் பள்ளியில் படித்த அந்தப் பெண்ணுக்குப் பந்தயத்தைக் குறைத்து, பயிற்சியைத்தான் கூட்டினார்கள். சமநிலைக்காக ஒற்றைச் சக்கர சைக்கிள்கூட ஓட்டினார். 2011 மார்ச்சில், 15 வயதில், முதல் உலகக் கோப்பைப் போட்டி. 2012 டிசம்பரில் ஸ்வீடனில் முதல் வெற்றி. 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில், 18 வயதில், ஸ்லாலம் (நெருக்கமாக நட்ட கம்புகளுக்கிடையே வளைந்து சறுக்கும் பந்தயம்) தங்கம். 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியரில் 100ஆவது உலகக் கோப்பை வெற்றி.

கணக்கு எளிது. பந்தய நாளில் விடியுமுன் எழுந்து, குளிரில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கிடைப்பது இரண்டே ஓட்டம். ஓட்டத்துக்கு 50 கேட் (வளைந்து கடக்க வேண்டிய கம்பு வாயில்) என்றாலும் 100 திருப்பங்கள். மூன்றாவது கேட்டில் விழுந்தால் அதில் பாதி போயிற்று. இங்கே ஒரு காலைப் பயிற்சியில் 8 ஓட்டம், 400 திருப்பங்கள்.

இதைவிடக் கவலை தருவது பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீ என்ற சறுக்குப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டு. பந்தயத்தின் நடுவில் ஸ்கீ கழன்றுவிடக் கூடாது என்று சில வீடுகளில் அதன் திருகாணியை முறுக்கி, எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்று காட்டும் அளவெண்ணை உயர்த்தியிருக்கிறார்கள். பிள்ளையின் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், சறுக்கும் தரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. ஸ்கீ வேண்டாத நேரத்தில் கழன்றால், அந்த அளவெண்ணைத் தொடுமுன் பூட்ஸின் அடியைப் பாருங்கள். பனி கட்டியாக ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் குதிப்பக்கம் தேய்ந்திருக்கும். புது பூட்ஸ் வாங்கியும் பைண்டிங்கில் குதிகாலைப் பிடிக்கும் குதித்துண்டை நகர்த்தாமல் விட்டிருந்தால், பூட்ஸ் சரியாக அழுந்தியிருக்கிறதா என்று காட்டும் முன்னழுத்தக் குறி கோட்டுக்கு வெளியே நிற்கும். இவற்றை விட்டுவிட்டு முறுக்கினால், விழும்போது ஸ்கீ காலைவிட்டுப் போகாது. நீளமான நெம்புகோல்போலக் காலைத் திருகும். கணைக்கால் எலும்போ முழங்காலோ போகும்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவம் முதல், எங்கள் பட்டறையின் பரிசோதனைச் சீட்டு இல்லாத ஸ்கீயோடு யாரும் லிஃப்ட் ஏற முடியாது. தேசிய அணியில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். 2024 நவம்பரில் கில்லிங்டனில் விழுந்து வயிற்றில் காயம்பட்ட ஷிஃப்ரின் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தாரே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வளர்ந்துகொண்டிருக்கும் 13 வயதுக் காலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எல்லோரையும் சொல்லவில்லை. விடியற்காலையில் கேட் கம்புகளைச் சுமந்து வந்து நட்டு, ஓட்டத்துக்கு ஓட்டம் தடத்தைச் சறுக்கிச் சமன்செய்து, பிள்ளைகளுக்குச் சூடான சூப்பும் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். அந்த உழைப்பு இல்லாமல் இந்தப் பருவம் ஓடியிருக்காது. மனமார்ந்த நன்றி.

பட்டறை வியாழன்தோறும் மாலை 4 முதல் 6 வரை திறந்திருக்கும். ஸ்கீயோடு பூட்ஸையும் கொண்டுவாருங்கள்; பூட்ஸ் இல்லாமல் எண் வைக்க முடியாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்