பாதி மாடு கறக்காது

அன்புள்ள கயலுக்கு,

போனில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாடோ ஆடோ கொடுக்கும் உங்கள் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய தொகையைப் பாதியாக்கினால் அதே பணத்தில் இரண்டு மடங்கு குடும்பங்களை எட்டலாம் என்று உங்கள் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரம ஏழைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கும்.

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம்தான் இப்போது நீங்கள் செய்யும் வேலைக்கெல்லாம் தாய். குறுங்கடன் பெரிதாகப் பரவிய பிறகும், கடைசித் தட்டில் இருந்த பெண்கள் அதன் பக்கமே வரவில்லை. அடுத்த வாரமே தவணை கட்டவேண்டிய கடனை, அடுத்த வாரம் கூலி கிடைக்குமா என்று தெரியாதவள் எப்படி வாங்குவாள்? அதனால் கடனாக இல்லாமல் மாடாகவே கொடுத்தார்கள். கூடவே சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை, பயிற்சி, சேமிப்பு, இரண்டு ஆண்டுகள் வீடு தேடி வரும் ஊழியர் எல்லாம் சேர்ந்திருந்தன.

2007இலிருந்து 1,300க்கும் மேற்பட்ட ஊர்களில் இதை அளந்தார்கள். அந்தப் பெண்களுக்கு இருந்த வேலை இரண்டே: வயல்கூலி, வீட்டுவேலை. வயல்கூலி நடவுக்கும் அறுப்புக்கும் உண்டு, நடுவில் இல்லை. அதே ஊரில் சொந்த மாடு வைத்திருந்தவள் மணிக்கணக்கில் பார்த்தால் கூடுதலாகச் சம்பாதித்தாள், வேலையும் ஆண்டு முழுவதும் இருந்தது. மாடு கைக்கு வந்ததும் ஏழைப் பெண்களும் அதே வேலைக்கு மாறினார்கள். நான்கு ஆண்டில் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. சோம்பல், திறமையின்மை என்று பேசுகிறவர்களுக்கு இதுவே பதில். அவர்களிடம் இல்லாமல் போனது தொழிலுக்கான முதல்தான்.

ஆனால் எல்லா வீடும் ஒன்றுபோல ஏறவில்லை. உன் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரியானா பண்டியேரா, மைத்ரீஷ் கட்டக் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வீடுகளையே பிரித்துப் பார்த்தார்கள். மாட்டையும் சேர்த்து, தொழிலுக்கு உதவும் சொத்து வாங்குதிறன் கணக்கில் (நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த டாலர்) ஏறத்தாழ 500 டாலரைத் தாண்டிய வீடுகள் மேலும் சேர்த்துக்கொண்டே போயின. தாண்டாத வீடுகள் கிடைத்ததையும் மெல்ல இழந்து பழைய இடத்துக்கே வழுக்கின. கிடைத்த மாடு எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்புதான். அதற்கு முன்பே கையில் ஏதோ கொஞ்சம் இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்பதே வித்தியாசம். மூன்றில் இரண்டு பங்கு வீடுகளை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளியது அந்தத் தொகை. அதைப் பாதியாக்கியிருந்தால் எத்தனை வீடு தாண்டியிருக்கும் என்று உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பார்.

கோடு எங்கிருந்து வருகிறது என்றால், மாட்டைப் பாதியாக வாங்க முடியாது, மாடு மட்டும் இருந்தாலும் போதாது. சுமார் 250 கிலோ எடையுள்ள நாட்டு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 3, 4 கிலோ வைக்கோலும் 12, 15 கிலோ பசும்புல்லும் வேண்டும். பசும்புல் இல்லாத நான்கு மாதத்தை வைக்கோலை மட்டுமே வைத்து ஓட்டினால் நாளைக்கு ஏறத்தாழ 6 கிலோ வீதம் 700 கிலோ ஆகும், அப்போதும் புண்ணாக்கோ தவிடோ சேர்க்காவிட்டால் பால் வற்றிவிடும். நிலம் இல்லாதவளுக்கு வைக்கோல் ஏது? அறுப்பு முடிந்த கையோடு, விலை மலிந்திருக்கும்போது வாங்கிப் போர் போட்டு வைக்க அவளிடம் பணம் இருக்காது. கோடையில் எக்கச்சக்க விலைக்கு வாங்குவாள், அல்லது மாட்டை விற்பாள். ஆகவே சொத்துக்கான தொகையில் கொட்டகை, ஓராண்டு வைக்கோல், மருத்துவச் செலவு மூன்றும் அடங்கியிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே பாதிதான் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுக்கும் மாதப்படியையும் எல்லாருக்கும் ஒரே காலத்துக்கு வைக்காதே. கறவை மாடாகக் கொடுத்தால் மறுவாரமே காசு வரும். சினை மாடு என்றால் கன்று ஈனும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், பிறந்த குட்டி விற்கிற பருவத்துக்கு வர இன்னும் ஆறேழு மாதம். ஆக, ஆடு வாங்கியவள் முதல் காசைப் பார்க்க ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிடும். ஆறு மாதத்தில் படியை நிறுத்தினால் ஏழாவது மாதம் தாயாடு சந்தைக்குப் போகும். அதைப் பொறுப்பில்லாத்தனம் என்று அறிக்கையில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கால்நடைகளின் சாவுக்கணக்கு அடுத்தது. இதே முறையை வைத்து ஆறு நாடுகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2015இல் வந்தன. மொத்தத்தில் பலன் நன்றாகவே இருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் பெரும்பாலானவர்கள் கோழி எடுத்தார்கள், கோழிகள் நோயில் மடிந்தன, சொத்து குறைந்தே போனது. உங்கள் பகுதியில் ஆடு என்றால் ஆட்டுக்கொல்லி நோயையும் துள்ளுமாரியையும் நினைத்துக்கொள். சந்தையில் பல ஊர் ஆடுகள் கலந்து நிற்கும். வாங்கிய அன்றே வீடுவீடாகப் பிரித்துக் கொடுத்தால் நோயையும் வீடுவீடாகக் கொடுத்த மாதிரிதான். மூன்று வாரம் தனியே கட்டி, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்த பிறகு கொடுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் கொடுப்பதைத் தவிர்க்கப் பார். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச்சில் அவசர அவசரமாக வாங்குவதும் வேண்டாம், எதிரில் கோடை நிற்கும்.

கானாவில் இன்னொன்றையும் சோதித்தார்கள். சில வீடுகளுக்கு முழுத் திட்டம், சிலவற்றுக்கு ஆடு மட்டும். ஆடு மட்டும் பெற்றவர்களிடம் நிலைத்த பலன் எதுவும் தென்படவில்லை. வாராந்தர வீட்டு வருகையை வெட்டிச் செலவு என்பவர்களிடம் இதைச் சொல். ஆனால் வருகைக்கு உள்ளடக்கம் வேண்டும்: மாட்டின் உடல்நிலை, தீனி இருப்பு, சேமிப்புப் புத்தகம், பிள்ளை பள்ளிக்குப் போனதா. கையெழுத்து வாங்க மட்டும் போகிற ஊழியரால் பயன் இல்லை.

எல்லா இடத்திலும் பலிக்கும் என்றும் நினைத்துவிடாதே. அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் இதே முறை சல்லிக்காசு மிச்சம் காட்டவில்லை. திட்டத்தில் சேர்ந்தவர்கள் கால்நடைக்காகக் கூலிவேலையைக் குறைத்தார்கள், சேராதவர்கள் அதே காலத்தில் கூடுதல் கூலி சம்பாதித்தார்கள். ஆக, அவள் எதைப் பெற்றாள் என்பதோடு எதை விட்டாள் என்றும் கேள். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலை ஒழுங்காகக் கிடைக்கும் ஊரில் கணக்கு வேறாக வரும்.

மேற்கு வங்காளத்தில் பந்தன் என்ற அமைப்பு செய்த திட்டம் இதற்கு நேர் எதிர். பத்தாண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் திட்டத்தில் இருந்தவர்களின் வருமானமும் செலவும் உணவும் மற்றவர்களைவிட மேலாகவே இருந்தன. மாட்டுப் பணம் கடையாகவும், வெளியூர் வேலைக்குப் போகிற பயணச் செலவாகவும் மாறியிருந்தது.

ஆள் தேர்வைப் பற்றி ஒரே ஒரு விஷயம். தரையில் கோலமாவால் வரைபடம் போட்டு, ஊராரை வைத்து வீடுகளை ஏழ்மைப்படி வரிசைப்படுத்துவீர்கள் அல்லவா? இந்தோனேசியாவில் 640 ஊர்களில் சோதித்தபோது, கூட்டம் நீள நீளத் தவறு கூடியது தெரிந்தது. ஜனம் களைத்துவிடுகிறது. அதனால் எண்பது வீட்டை ஒரே மூச்சில் வைக்காதே, கடைக்கோடித் தெருவிலிருந்து ஆரம்பி. பகலில் கூட்டம் போட்டால் கூலிக்குப் போனவள் இருக்கமாட்டாள், இருட்டிய பிறகு போடு. மகன் வீட்டுத் திண்ணையில் தனி அடுப்பு வைத்திருக்கும் கிழவி ரேஷன் கார்டில் மகனோடு சேர்ந்திருப்பாள். கார்டை எண்ணாதே, அடுப்பை எண்ணு.

அளக்கும்போது மாதத்தைக் கவனி. பஞ்ச மாதத்தில் தேர்ந்தெடுத்த வீட்டை அறுப்பு முடிந்து அளந்தால், எதுவும் கொடுக்காமலே முன்னேறியிருக்கும். ஒப்பிட, திட்டம் போகாத ஊர்களையும் அதே மாதம் அளக்க வேண்டும்.

செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மேலே முடிவாகிவிட்டால், ஒரு குடும்பத்துக்கான தொகையில் கை வைக்காதீர்கள், இந்த ஆண்டுக் குடும்பங்களைக் குறையுங்கள். மீதி ஊர்களைக் குலுக்கல் போட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். ஒப்பிட ஊரும் தானாகக் கிடைத்துவிடும்.

இப்போது பட்டியலில் இருக்கும் வீடுகளில் எதற்கெல்லாம் கொட்டகை இல்லை, வண்டி இல்லை, ஒரு கோழிகூட இல்லை என்று தனியே குறித்து அனுப்பு. கால்நடைக்கு ஊசி போட்ட தேதி ஒரு பத்தியில் தெளிவாக இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா