ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வந்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம் ஊராட்சியின் மக்கள்தொகைக்குக் கிராம சபையில் 100 பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். அந்த நூறு பேரைத் தேற்றுவதே வழக்கமாகப் பெரும்பாடு. இந்த முறை மந்தையில் இடம் போதாமல் சாவடித் திண்ணை வரை ஆட்கள்.

அதற்கு முதல் காரணம் ஊராட்சிச் செயலர். வரவு செலவைக் கூட்டத்தில் வாசித்து மூடிவிடாமல், முன்கூட்டியே பெரிய எழுத்தில் எழுதிப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினார். பால் ஊற்ற வந்தவர்கள் தெருவிளக்கு மின்கட்டணத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கேள்விகள் அங்கேயே தொடங்கிவிட்டன.

மகளிர் குழுவினருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிழக்குக் குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாய், வடக்குத் தெருவுக்குக் கழிவுநீர் வாய்க்கால், கண்மாய் மடைப் பழுது, கலையரங்கம் என்று தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, எந்த வேலைக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்தார்கள். மைக் முன்னால் வாய் திறக்காத பாட்டிமார், முந்தானையில் முடிந்திருந்த கொட்டையை அவிழ்த்து, யார் முகத்தையும் பார்க்காமல் குழாய்க் கட்டத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சத்தம் போடுகிற நாலு பேர் பேச்சு அன்று எடுபடவில்லை.

கலையரங்கம் கேட்ட இளைஞர்களுக்குக் கோபம்தான். மத்திய அரசிடமிருந்து ஊராட்சிக்கு வந்த 15ஆவது நிதி ஆணைய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட முடியும் என்று ஒன்றியப் பொறியாளர் மதிப்பீட்டோடு பொறுமையாக விளக்கினார். அவருக்கு நன்றி. பிறகு குழாய்ப் பாதையை நாடா பிடித்து அளந்து கொடுத்தவர்களும் அதே இளைஞர்கள்தான்.

வடக்குத் தெருக்காரர்கள் தங்கள் வாய்க்காலை இரண்டாவது இடத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். வாசலில் சாக்கடை தேங்கி நிற்கும்போது அப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

புளியங்கொட்டை வைத்து மக்களே முடிவு செய்யும் இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்களே நிதியொதுக்கீட்டை முடிவு செய்ததையும், 1996இல் கேரளம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்ததையும் சொன்னார். நமக்கும் அந்த அளவு வந்தால் கலையரங்கத்தையும் சேர்த்தே கட்டலாம். அது என் ஆதங்கம்.

குழாய்ப் பணியின் செலவுக் கணக்கு, பில்களோடு அடுத்த கிராம சபையில் வாசிக்கப்படும். வடக்குத் தெரு வாய்க்காலையும் அன்றே கேட்டு வாங்க வேண்டும், தவறாமல் வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கிழக்குக் குடியிருப்புவாசி ஒருவர்,
மேலூர் வட்டாரம், மதுரை மாவட்டம்