நினைவஞ்சலியில் ஓர் ‘என்கிற’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளிதழைப் பின்னாலிருந்து படிக்கிற ஆள் நான். முதலில் மரண அறிவிப்பு, நினைவஞ்சலி, அப்புறம்தான் அரசியல். பிரிக்பீல்ட்சில் பூமாலைக் கடை வைத்திருப்பவளுக்கு அது தொழில் பழக்கம்.

போன வருஷம் அந்தப் பக்கத்தில் ஒரு படத்தைப் பார்த்தும் தாண்டிப் போய்விட்டேன். மீசை வைத்த இளைஞன், ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, எடுத்த பழைய படம், கீழே ஓர் ஆண் பெயர். பதினோரு வருஷம் என் கடையில் மாலை கட்டிய திருநங்கைதான் அது என்று மத்தியானம் போன் வந்த பிறகே தெரிந்தது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவள், கடைசி ஒரு மாதம் அண்ணன் வீட்டில் இருந்தாள். கால் பெருவிரலில் நாரை மாட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுவாள். முழம் போட்டுப் பார்த்தால் ஒரு விரல்கூடக் குறையாது.

செராஸ் மின்சுடலைக்கு ஓடினேன். முடியை ஒட்ட வெட்டி, வேட்டி சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கொண்டுபோன மல்லிகைச் சரத்தை வைக்கத் தலையில் இடமில்லை. தலையணைக்குக் கீழே செருகிவிட்டு வந்தேன். அண்ணனைக் குறை சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் செலவு செய்ததும் அவர்தான்.

இந்த வருஷம் முதலாண்டு நினைவு நாளுக்கு நாங்கள் ஓர் அஞ்சலி போடலாம் என்று, அவள் வளர்த்த இரண்டு திருநங்கைப் பிள்ளைகளும் நானும் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவுக்குப் போனோம். (உங்களுடையது அல்ல.) இறப்புச் சான்றிதழைப் பார்த்த, அங்கே வேலை செய்யும் தங்கச்சி, "பேரு வேறயா இருக்கே?" என்றார். ஐசியின் கடைசி எண் ஒற்றைப்படை, அதனால் ஆண் என்றார். "நீங்க என்ன உறவு?" என்றதற்கு, "மகள்கள்" என்றார்கள் பிள்ளைகள். அதற்குப் படிவத்தில் இடமில்லையாம்.

நாங்கள் என்ன, சேமநிதிப் பணமா எடுக்கப் போனோம்? பெயருக்குப் பக்கத்தில் ‘என்கிற’ என்று போட்டு டிரைவர், கிராணி, மைனர் என்று ஊர் கூப்பிட்ட பெயரையெல்லாம் அச்சிடும் பக்கம்தானே அது? அந்தப் பெயர்களுக்கு யார் சான்றிதழ் கேட்டார்கள்?

நவம்பர் 20 வருகிறது. பல நாடுகளில் அன்று, வெறுப்புக்குப் பலியான திருநங்கையர், திருநம்பியர் பெயர்களை வாசித்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். 1998இல் பாஸ்டனில் ரீட்டா ஹெஸ்டர் என்ற திருநங்கை கொல்லப்பட்டார். அங்குள்ள பத்திரிகைகளும் அவரை ஆணாக்கி, பழைய பெயரில் எழுத, தோழிகள் சண்டைக்கே போனார்கள். மறு ஆண்டிலிருந்துதான் இந்த நாள். நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் குவாந்தானில் திருநங்கை சமீரா கொல்லப்பட்டது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கொலை என்றால் செய்தி வருகிறது. சர்க்கரையிலும் சிறுநீரகத்திலும் போகிறவர்களுக்கு இருப்பது உங்கள் கடைசிப் பக்கம் மட்டும்தான்.

அதனால் கேட்கிறேன். உங்கள் பத்திரிகையாவது அந்த ‘என்கிற’வை எங்களுக்கும் தருமா? சான்றிதழ் பெயரை அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் கீழே அவள் வாழ்ந்த பெயர், ‘இங்ஙனம்’ என்ற இடத்தில் மகள்கள், தோழிகள், கடைக்கார அக்கா. அவ்வளவுதான்.

அவள் பெயரை இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே எழுதவில்லை. அது வரவேண்டிய இடம் வேறு. கட்டணம் எடுத்து வைத்திருக்கிறோம். படமும் தயார்: தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்தது, மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், கொண்டையில் அவளே கட்டிய சரம்.

இப்படிக்கு,
பூக்கடை அக்கா,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்