முற்றத்துக் கல் இடுக்குகள்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

படலையிலிருந்து கார்க் கொட்டகை வரைக்கும் இன்டர்லொக் கல் பதிக்கும் வேலையை மாரி தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். கல்லுக்கு அடியில் பொலித்தீன் விரித்து, இடுக்குகளைச் சீமெந்தால் பூசிவிட்டால் புல் முளைக்காது என்று நீ எழுதியிருந்தாய். இரண்டுக்கும் எனக்கு உடன்பாடில்லை.

இடுக்கில் முளைப்பவற்றில் பெரும்பாலானவை கீழிருந்து வருவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெருப்புழுதியும் வேப்பஞ்சருகும் இடுக்குகளில் இறங்கி மக்கி மண்ணாகிவிடுகின்றன. அதில் காற்றும் எறும்பும் கொண்டுவந்து சேர்க்கும் விதைக்கு ஐப்பசி மழை ஒன்றே போதும். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஓர் அம்மான் பச்சரிசிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுவதும் மேலே படிந்திருந்த கறுத்த மண்ணிலேயே சுருண்டு கிடந்தது. கீழே இருந்த வெள்ளை மணலை அது தொடவேயில்லை. அப்படியிருக்க, அடியில் விரிக்கும் பொலித்தீன் எதைத் தடுக்கும்? மழைநீர் நிலத்தில் இறங்க வழியின்றித் தேங்கி, படுக்கை மணல் குழைந்து, கார்ச் சில்லு ஓடும் தடத்தில் கல் தாழ்வதுதான் மிஞ்சும்.

கோரையும் அறுகும் வேறு வகை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடப்பதால், மேலே இலையைப் பிடுங்கினாலும் கிழங்கு தங்கி மறுபடியும் தளிர்க்கும். அதன் கூர்முனை பொலித்தீனையும் துளைத்துக்கொண்டு வரும். ஆகவே கல் வருவதற்கு முன்பே நிலத்தைக் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி எடுத்து, வெயிலில் காயப்போடச் சொல்லியிருக்கிறேன். அறுகு ஓரத்திலிருந்து ஓடி வருவது. இரு பக்கமும் ஓரக்கல்லைக் கொங்கிறீற்றில் ஆழமாக நட்டால் அதன் ஓட்டம் பெரும்பாலும் அடங்கும். பிள்ளையாருக்கு வேண்டிய அறுகு கிணற்றடியில் தனியாக வளரட்டும்.

சீமெந்துப் பூச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். கார் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு கல்லும் மயிரிழை அளவு அசையும். மணல் அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும், சீமெந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் புழுதி சேர்ந்து புல் முளைத்துவிட்டால், அதைச் சுரண்டி எடுத்து மறுபடி நிரப்புவதும் பெரும்பாடு.

கார் ஓடும் இடத்துக்கு 80 மில்லிமீற்றர் தடிப்புள்ள கல்லும், அதன்கீழ் இறுக்கிய சல்லியும் 30 மில்லிமீற்றர் அளவு படுக்கை மணலும், கல்லுக்குக் கல் 3 மில்லிமீற்றர் இடைவெளியும், தண்ணீர் தேங்காதபடி 50 அடிக்கு 1 அடி சரிவும் வேண்டும் என்று மேசனாரிடம் சொல்லிவிட்டேன். இடுக்குக்கு ஆற்றுமணலை நன்றாகக் காயவைத்து, அரித்து, தும்புத்தடியால் கூட்டி இறக்கி, இயந்திரத்தால் அதிர்த்தி, மணல் தாழத் தாழ மறுபடியும் நிரப்ப வேண்டும். இந்த வேலையில் அவசரமே கூடாது, ஏனெனில் இடுக்கு நிறைந்திருக்கும்வரை புழுதிக்கு அங்கே இடமில்லை. கடற்கரை அருகிலிருக்கிறது என்பதற்காகக் கடல்மணலை எடுக்க நான் விடமாட்டேன். அதன் உப்பு படலையின் இரும்பை அரித்துவிடும். நீ அங்கே பார்த்த பொலிமர் மணல் நனைந்ததும் இறுகிக்கொள்ளும், நல்ல பொருள்தான். ஆனால் பரப்பும்போது கல்லும் காற்றும் உலர்ந்திருக்க வேண்டும், இங்கே கிடைத்தாலும் விலை தாங்காது.

களைநாசினி வேண்டாம். வழக்கமாகத் தெளிப்பது நிற்கும் செடியைக் கொல்லுமே தவிர, அடுத்த காற்றில் வரும் விதையைத் தடுக்காது. நம்முடையது மணல் நிலம், கிணறோ முற்றத்திலிருந்து சில அடி தூரத்தில் இருக்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். உப்புத்தண்ணீர் ஊற்றலாம் என்று சிலர் சொல்வதையும் இதே காரணத்தால் ஏற்கவில்லை.

கல் பதித்த பிறகு கிழமைக்கு ஒருமுறை சருகைக் கூட்டுவதும், இரண்டு இலை விட்ட நாற்றை மழை ஈரத்தோடு பிடுங்குவதும், தை பிறந்து மழை ஓய்ந்ததும் தாழ்ந்த இடுக்குகளுக்கு மணல் போடுவதும் என்னால் இயலும் வேலைகள். வேப்பமர நிழலில் பாசி பிடிக்கும். கிளையைக் கொஞ்சம் தறித்து வெயில் விடுவேன்.

ஓரக்கல்லுக்கு அளவு கொடுக்க வேண்டியிருக்கிறது. கொட்டகையின் பின்புறமும் கல் பதிப்பதா, அல்லது அம்மாவின் பூச்செடிகளுக்கு விடுவதா என்பதை இந்தக் கிழமைக்குள் எழுது.

அன்புடன்,
அப்பா