தலைப்பில் கிறிஸ்துமஸ் இல்லாத கிறிஸ்துமஸ் பாடல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் வெளிவரும் ஆங்கில கிறிஸ்துமஸ் பாடல் பட்டியல்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோலவே இருக்கின்றன. பத்திரிகை, வானொலி, பாட்டுச் செயலி எதை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி அதே பதினைந்து, இருபது பாடல்கள்தான். அவற்றைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவற்றின் நிழலில் அருமையான பாடல்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, அவற்றைத் தேடிப் பிடிக்கும் வழியும் எளிது என்பதால் எழுதுகிறேன்.

ஒரே பாடல்கள் திரும்பத் திரும்ப வரக் காரணம் உண்டு. மற்ற பாடல்களைக் கேட்க ஆண்டு முழுவதும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் பாடலுக்கோ ஐந்தாறு வாரம்தான். அந்தக் குறுகிய காலத்தில் செயலிகள் ஏற்கெனவே அதிகம் கேட்கப்பட்டதையே முன்னால் நிறுத்துகின்றன. முன்னால் நிற்பதே மறுபடியும் கேட்கப்படுகிறது. இன்னொரு காரணம் நாம் தேடும் விதம். தேடல் பெட்டியில் 'கிறிஸ்துமஸ்' என்று தட்டினால் தலைப்பில் அந்தச் சொல் உள்ள பாடல்கள்தான் முதலில் வரும். மிகச் சிறந்த பாடல்கள் பலவற்றின் தலைப்பில் அந்தச் சொல்லே கிடையாது.

கனடாவின் ஜோனி மிட்செல் பாடிய 'ரிவர்' இதற்கு நல்ல உதாரணம். 1971இல் வந்த 'ப்ளூ' ஆல்பத்தில் எட்டாவது பாடல். முதல் சில நொடிகளைக் கவனமாகக் கேளுங்கள். பியானோவில் எழுவது நமக்கெல்லாம் தெரிந்த 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டு. ஆனால் அதன் துள்ளல் போய்விட்டது. அடியில் வாசிக்கப்படும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்) மெட்டின் மேல் ஒரு சோக நிழலைப் படரவிடுகின்றன. அப்படியே அது தடம் மாறி வேறொரு பாட்டாகிறது. ஊரெல்லாம் பண்டிகைக்குத் தயாராக, பாடும் பெண்ணோ உறைந்த ஆற்றின் மேல் சறுக்கிக்கொண்டே எங்காவது போய்விட ஏங்குகிறாள். முடிவில் அதே மெட்டு மறுபடி எட்டிப் பார்க்கும். இதை வேறு பலரும் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பியானோவுக்காகவே முதலில் மூலப் பதிவைக் கேட்க வேண்டும்.

இந்த வகைப் பாடல்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. விருந்து மேசையில் யாருடைய இடம் காலியாக இருக்கிறதோ, அவரைப் பற்றி அவை பேசுகின்றன. மெர்ல் ஹாகர்டின் 'இஃப் வீ மேக் இட் த்ரூ டிசம்பர்' 1973இல் வந்த அமெரிக்க கன்ட்ரி பாடல். தொழிற்சாலையில் வேலை பறிபோன தகப்பன், பண்டிகைக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று புரியாத தன் சிறு மகளை நினைத்துப் பாடுகிறான். ராய் ஆர்பிசன் 1963இல் பாடிய 'ப்ரெட்டி பேப்பர்' பாடலை எழுதியவர் வில்லி நெல்சன். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் கடை வாசலில் காகிதமும் பென்சிலும் விற்ற, கால்களை இழந்த ஒரு மனிதரே அதற்குக் கரு. வில்லி நெல்சனே 1979இல் இதே தலைப்பில் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் வெளியிட்டார். ஆர்பிசன் பதிவில் பின்னணி இசை பெருகி நிற்கும். நெல்சன் பதிவில் ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே பாடலை ஏன் இருவர் குரலில் கேட்க வேண்டும் என்பது புரியும்.

இந்த வரிசையில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் ஆஸ்திரேலியாவின் பால் கெல்லி 1996இல் தந்த 'ஹவ் டு மேக் கிரேவி' பாடலைச் சொல்வேன். அது ஒரு கடிதம். சிறையில் இருக்கும் ஜோ, டிசம்பர் 21ஆம் தேதி டானுக்கு எழுதுகிறான். இந்த வருஷம் குழம்பை யார் வைப்பார்கள் என்பதுதான் அவன் கவலை. மாவு, உப்பு, கொஞ்சம் சிவப்பு ஒயின், ஒரு கரண்டி தக்காளி சாஸ் என்று செய்முறையையே எழுதி அனுப்புகிறான். பனியும் இல்லை, மணியும் இல்லை; அங்கே டிசம்பர் கோடைக்காலம், கொளுத்துகிறது. வழக்கமான பல்லவி கிடையாது என்பதால் பாதிப் பாட்டில் கவனம் சிதறினால் கதை நழுவிவிடும். முதல் முறை வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே கேளுங்கள். ஆஸ்திரேலியர்கள் டிசம்பர் 21ஐயே 'கிரேவி டே' என்று அழைக்கும் அளவுக்கு அங்கே இது ஊன்றிவிட்டது. வெளியே தெரிந்தவர்கள் குறைவு.

பிரிட்டனிலிருந்து இரண்டைச் சேர்க்கலாம். ப்ரிடெண்டர்ஸ் குழுவின் '2000 மைல்ஸ்' 1983இல் வந்தது. முந்தைய ஆண்டு இறந்துபோன தங்கள் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஹனிமன்-ஸ்காட்டை நினைத்து குழுவின் பாடகி கிரிஸ்ஸி ஹைண்ட் எழுதியது. இது தெரியாமல் கேட்டால் காதலர் பிரிவுப் பாட்டாகத் தோன்றும். தெரிந்து கேட்டால் அந்த இரண்டாயிரம் மைலின் பொருளே மாறிவிடும். ஜோனா லூயியின் 'ஸ்டாப் த கேவல்ரி' 1980இல் வந்த போர் எதிர்ப்புப் பாடல். போர்முனையில் நிற்கும் சிப்பாய் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருந்திருக்கலாமே என்று ஏங்கும் இடமும், கூடவே ஒலிக்கும் பித்தளை வாத்தியங்களும் அதைப் பண்டிகைப் பாட்டாக்கிவிட்டன.

பக்திப் பாடல் விரும்புவோர் ஆல்ஃபிரட் பர்ட் என்ற பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவருடைய தந்தை அமெரிக்காவில் ஒரு குருவானவர். 1922 முதல் ஆண்டுக்கு ஒரு கேரல் பாடலை கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அச்சிட்டு அனுப்பிவந்தார். 1942இல் இசையமைக்கும் பொறுப்பு மகனுக்கு வந்தது. தந்தை மறைந்த பின் குடும்ப நண்பர் வில்லா ஹட்சன் வரிகள் எழுதினார். ஆல்ஃபிரட் 1954இல் 33 வயதில் புற்றுநோயால் இறக்கும்வரை எழுதியவை மொத்தம் 15தான். எனக்கு அவற்றில் மேலானது 1951இல் எழுதிய 'சம் சில்ட்ரன் சீ ஹிம்'. ஒவ்வொரு நாட்டுக் குழந்தையும் பாலன் இயேசுவைத் தன் நிறத்திலும் தன் முகச்சாயலிலும் காண்பதைச் சொல்லும் பாடல் அது. மெட்டு தாலாட்டுபோல எளிது. குழுவாகப் பாடவும் உகந்தது.

இனி தேடும் முறை. தெரிந்த ஒரு பாடலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவதே நல்ல வழி. செயலியில் பாடலுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பெரும்பாலும் 'கிரெடிட்ஸ்' என்ற பகுதி வரும். அதில் எழுதியவர், இசையமைத்தவர் பெயரைப் பார்த்து அந்தப் பெயரில் தேடுங்கள். 'கேரல் ஆஃப் த பெல்ஸ்' எல்லோருக்கும் தெரியும். அதை இயற்றிய மிகோலா லியோன்டோவிச்சின் பெயரில் தேடினால் 'ஷெட்ரிக்' கிடைக்கும். 1916இல் கீவ் நகரில் அரங்கேறிய அந்த உக்ரைனியப் பாட்டில் மணியே இல்லை. புத்தாண்டில் வீட்டுக்குள் பறந்து வந்து நற்செய்தி சொல்லும் தகைவிலான் குருவிதான் இருக்கிறது. மணி வந்து சேர்ந்தது 1936இன் ஆங்கில வரிகளில். ராப் குழுவான ரன்-டிஎம்சியின் 'கிறிஸ்துமஸ் இன் ஹாலிஸ்' பாட்டில் ஒலிக்கும், பழைய பாட்டொன்றிலிருந்து எடுத்த ஊதுகுழல் இசைத் துண்டைப் பின்தொடர்ந்தால் கிளாரன்ஸ் கார்ட்டர் 1968இல் பாடிய 'பேக் டோர் சான்டா' அகப்படும். அதன் வரிகள் பெரியவர்களுக்கானவை, குழந்தைகள் நடுவே போட வேண்டாம்.

தேடுவோர் அதிகம் ஏமாறுவது பதிவு விஷயத்தில். பழைய பதிவின் உரிமை முதல் நிறுவனத்திடம் இருப்பதால், பாடகர்கள் பிற்காலத்தில் வேறு நிறுவனத்துக்கு அதே பாடலை மறுபடி பாடித் தந்தார்கள். மலிவான தொகுப்புகளில் சேர்வது பெரும்பாலும் இந்த மறுபதிவுதான். பாடகர் ஒருவரே, தலைப்பும் ஒன்றே. ஆனால் குரல் முதிர்ந்திருக்கும், முதல் பதிவின் உயிர் இருக்காது. தலைப்புக்குப் பின்னால் 'ரீ-ரெக்கார்டட்' என்று சின்னதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் அதுவும் இருக்காது. ஆண்டையும் நம்பிவிட முடியாது, தொகுப்பு வெளியான ஆண்டைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். வாத்தியங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சார்ல்ஸ் பிரவுன் குரலில் 1947இல் வந்த 'மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி' பாடலை ஜானி மூர்ஸ் த்ரீ பிளேசர்ஸ் என்ற மூவர் குழு கிட்டார், பியானோ, பேஸ் இவற்றைக் கொண்டே பதிவு செய்தது. சாக்ஸபோன் கேட்டால் அது பிந்தைய பதிவு.

தொகுப்பின் பெயரை மட்டும் வைத்துத் தேடினாலும் தவறும். டானி ஹாத்தவேயின் 'திஸ் கிறிஸ்துமஸ்' 1970இல் வந்தபோது பெரிதாக எடுபடவில்லை. 'சோல் கிறிஸ்துமஸ்' தொகுப்பின் 1991 மறுவெளியீட்டில் சேர்ந்த பிறகே பரவியது. அதே தொகுப்பின் 1968 பதிப்பை வாங்கிவிட்டு அதில் தேடினால் கிடைக்காது.

தேர்ந்தெடுத்தவற்றை ஒரு பட்டியலாக்கும்போது பன்னிரண்டு பாடல் போதும். முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு சோகப் பாடல்களுக்கு மேல் அடுத்தடுத்து வைத்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். 1950களின் பதிவும் இன்றைய பதிவும் ஒரே ஒலி அளவில் இருக்காது என்பதால் செயலியின் அமைப்பில் 'வால்யூம் நார்மலைசேஷன்' வசதியை இயக்கிவிடுங்கள். ஒரு பாடலின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் 'கிராஸ்ஃபேட்' வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 'ரிவர்' தொடக்கத்துப் பியானோ முந்தைய பாட்டின் சத்தத்தில் மூழ்கிவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய பட்டியலை அச்சிடும்போது தலைப்போடு பாடியவர், எழுதியவர், முதல் பதிவு வந்த ஆண்டு, ஆல்பத்தின் பெயர் ஆகிய நான்கையும் சேர்த்துப் போடுங்கள். ஆங்கிலத் தலைப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் தராமல் ஆங்கில எழுத்திலும் தந்தால் வாசகர்கள் அப்படியே தேடல் பெட்டியில் தட்டலாம். ஒரு பாடலுக்கு இரண்டு வரி இடம் கூடுதலாகும். இருபது பாடலுக்குப் பதில் பத்தே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்